முன்சில்லு இழுக்கிறதா?

நவம்பர் கடைசி. ஜோர்ஜியன் குடாவின் தண்ணீர் இன்னும் உறையவில்லை. அதன்மேல் வடமேற்குக் குளிர்காற்று வீசத் தொடங்கினால், பாரிக்கு வடக்கே 400ஆம் நெடுஞ்சாலை சில மணி நேரத்தில் வெள்ளையாகிவிடும். ரொறன்ரோவில் வெயில் எறித்துக்கொண்டிருக்கும்போதே அங்கே முன்னால் போகும் வாகனத்தின் பின்விளக்குத் தெரியாது. பிக்கப் வைத்திருப்பவர்கள் அந்தப் பாதையில் ஏறுமுன் இந்த வாரமே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். போன மார்ச்சுக்குப் பிறகு தொடாமல் கிடக்கும் 4 ஹையை, அதாவது நாற்சக்கர இயக்கத்தை, போட்டுப் பாருங்கள். பனியில் புதைந்தபின் பார்ப்பது பிந்திய வேலை.

பல பிக்கப்புகளில் 2 ஹையில் பின்சில்லுகளுக்கு மட்டுமே விசை போகும். 4 ஹைக்குத் திருப்பினால் இரண்டு காரியங்கள் நடக்க வேண்டும். நடுவிலிருக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் முன் ஷாஃப்டையும் பின் ஷாஃப்டையும் ஒன்றாகப் பூட்ட வேண்டும். முன் அக்ஸிலில் கழன்றிருக்கும் இணைப்பும் சேர வேண்டும். முதலாவது நடந்து இரண்டாவது நடக்காமல் போவதுதான் ஆளை ஏமாற்றும் பழுது. டாஷ்போர்டில் விளக்கு எரியலாம். முன்சில்லோ சும்மா உருண்டுகொண்டிருக்கும். ஆகவே விளக்கோடு நிற்காமல் சில்லையும் சோதியுங்கள்.

வெறுமையான ஒரு சரளைக்கல் தரை போதும், ஈரப் புல்தரையும் சரி. 4 ஹை போட்டு நேராகச் சில மீட்டர் போங்கள். பிறகு ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, நடை வேகத்தில் ஒரு வட்டம் போடுங்கள். திருப்பத்தில் முன்சில்லுகள் பின்சில்லுகளைவிட நீண்ட தூரம் ஓடவேண்டும். ஷாஃப்டுகள் பூட்டியிருப்பதால் அது முடியாது. வண்டி யாரோ பிடித்து இழுப்பதுபோலத் தயங்கும், ஸ்டியரிங் கனக்கும், டயர் கல்லை அராவும். அந்தத் தயக்கம் நல்ல செய்தி. 2 ஹையில் திரும்புவதுபோலவே இலகுவாகத் திரும்பினால் முன்பக்கம் சேரவில்லை என்று சந்தேகியுங்கள். ஆட்டோ நிலை உள்ள வண்டியிலும் இதை 4 ஹையிலேயே செய்யுங்கள். காய்ந்த தார் ரோட்டில் மட்டும் வேண்டாம். அங்கே டயர் வழுக்காது, இறுக்கம் முழுவதும் கியருக்கும் ஷாஃப்டுக்கும்தான் போகும். அப்படி இறுகி 4 ஹையிலிருந்து கழரமாட்டேன் என்று நின்றால், நேராகச் சில மீட்டர் பின்னோக்கிப் போனால் பெரும்பாலும் விட்டுவிடும்.

விளக்கு மினுங்கிக்கொண்டே இருந்தால், கேட்ட மாற்றம் இன்னும் முடியவில்லை என்று பொருள். பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். ஸ்டியரிங்கை நேராக்கி, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, கொஞ்சத் தூரம் ஓடவிடுங்கள். 4 லோவுக்கு வேறு முறை: வண்டி அநேகமாக நின்றிருக்க வேண்டும், கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். அப்படியும் சேரவில்லையென்றால் எஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் திருகி, நியூட்ரலில் பார்க்கிங் பிரேக் போட்டுக்கொண்டு மாற்றிப் பாருங்கள். வண்டிக்கு அடியிலிருந்து, நிலையை மாற்றும் மோட்டார் சுற்றும் சத்தம் வரவேண்டும். சத்தமே இல்லையா? முதலில் ஃபியூஸ், பிறகு பற்றரி, பிறகு மோட்டாருக்குப் போகும் இணைப்பு. குளிர் காலையில் தளர்ந்த பற்றரி எஞ்சினை எப்படியோ எழுப்பிவிடும், ஆனால் இந்த மோட்டாரைத் திணறவைக்கும். ரோட்டு உப்பு ஏறிப் பச்சை பூத்த இணைப்பும் இதையே செய்யும். மோட்டார் சுற்றியும் சில்லு சேரவில்லையென்றால் பழுது உள்ளே இருக்கிறது. அது கராஜ் வேலை. பழுதுக் குறியீட்டைக் கணினியில் வாசிக்காமல் பாகம் மாற்றச் சம்மதிக்காதீர்கள்.

2004க்குப் பிறகு வந்த ஃபோர்ட் எஃப்-150 வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். பல ஆண்டு மாடல்களில் முன்சில்லு மையத்திலுள்ள இணைப்பைக் கழற்றி வைத்திருப்பது எஞ்சினிலிருந்து வரும் வெற்றிட உறிஞ்சல். உறிஞ்சல் இருந்தால் கழன்றிருக்கும், இல்லாவிட்டால் சேர்ந்துவிடும். அதனால் மெல்லிய ரப்பர் குழாயில் ஒரு வெடிப்பு விழுந்தால், கோளாறு 4 ஹையில் தெரியாது. சாதாரண 2 ஹையில், வேகம் கூட்டும்போது, முன்சில்லருகே பற்கள் அரைபடும் சத்தமாகத் தெரியும். 4 ஹை போட்டால் சத்தம் நின்றுபோகும். பெயாரிங் என்று எண்ணி மாற்றுமுன் அந்தக் குழாய்களையும் வால்வையும் பார்க்கச் சொல்லுங்கள். சில நேரம் குழாய்த் துண்டு ஒன்றோடு தீரும் கதை இது. வைத்துக்கொண்டு ஓடினால் மையத்துப் பற்கள் தேய்ந்து செலவு பலமடங்காகும்.

டொயோட்டா பிக்கப்புகளின் கையேடு, மாதத்துக்கு 16 கிலோமீட்டராவது நாற்சக்கர இயக்கத்தில் ஓட்டச் சொல்கிறது. ஒயில் பரவவும் அசையும் பாகங்கள் இறுகாமல் இருக்கவும் அது உதவும். எந்த நிறுவனத்து வண்டிக்கும் நான் இதையே சொல்வேன், ஆனால் மழை நாளிலோ பனியிலோ மட்டும். ட்ரான்ஸ்ஃபர் கேஸ் ஒயிலையும் இப்போதே பாருங்கள். கையேடு சொல்லும் ஒயில் மட்டுமே ஊற்றப்பட வேண்டும்.

பழுதே இல்லாமல் பழுதுபோலத் தெரிபவையும் உண்டு. போன ஜனவரியில் ஹண்ட்ஸ்வில்லிலிருந்து திரும்பும்போது, எண்பதைத் தாண்டியதும் என் வண்டியின் ஸ்டியரிங் கைகள் உதற ஆடியது. முன் அக்ஸில் போய்விட்டது என்றே பயந்தேன். பெற்றோல் நிலையத்தில் குனிந்து பார்த்தால் ரிம்மின் உட்பக்கம் முழுக்கப் பனி அப்பி இறுகியிருந்தது. அதைச் சுரண்டி எடுத்ததும் ஆட்டம் நின்றது. கதவோரம் ஒரு சுரண்டியை எப்போதும் வைத்திருங்கள்.

அதேபோல 4 ஹையில் ஒரு முன்சில்லும் ஒரு பின்சில்லும் மட்டும் சுழன்று வண்டி அசையாவிட்டால், அது பழுதாக இருக்க வேண்டியதில்லை. பூட்டு இல்லாத டிஃபரன்ஷியல் பிடிப்பில்லாத சில்லுக்கே சுழற்சியைக் கொடுக்கும். அப்போது மேலும் மேலும் மிதிக்காமல் சில்லைச் சுற்றியுள்ள பனியை மண்வெட்டியால் வாருங்கள். நான்கு டயரும் ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே தேய்மானமாக இருக்கட்டும். இரண்டை மட்டும் புதிதாக மாற்றினால் 4 ஹையில் ஷாஃப்டுகள் ஓயாமல் ஒன்றையொன்று முறுக்கும்.

டயர் என்றால் குளிர்கால டயர்தான். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, ஆனால் 2016 முதல் அதற்குக் காப்புறுதிக் கழிவு உண்டு, கேட்டு வாங்குங்கள். நான்கு சில்லும் இழுப்பது கிளம்புவதற்கும் ஏறுவதற்கும் உதவும், நிற்பதற்கு உதவாது. எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். 4 ஹை சரியாக வேலை செய்யும் வண்டியில் இருப்பவருக்கு ரோட்டின் வழுக்கல் தெரிவதில்லை, பிரேக் மிதிக்கும்வரை. பிக்கப்பின் சரக்குத் தட்டு வெறுமையாக இருந்தால் பின்பக்கம் இலேசாகும். பின் அக்ஸிலுக்கு மேலாக மணல் மூட்டைகளை வைத்து, நகராமல் கட்டுங்கள்.

புறப்படுமுன் 511 ஒன்ராறியோவில் பாதை நிலையைப் பாருங்கள். வழியில் முன்பக்கத்திலிருந்து இடிக்கும் சத்தமோ அரையும் சத்தமோ வந்தால் மெதுவாகக் காலை எடுத்து, பாதுகாப்பான அடுத்த வெளியேற்றத்தில் இறங்கிவிடுங்கள். பனிக்குள் நின்று எஞ்சினை ஓடவிட நேர்ந்தால் புகைக்குழாய் வாயை முதலில் துப்புரவாக்குங்கள். அடைபட்டால் கார்பன் மொனொக்சைட் உள்ளே வரும். இழுவை வண்டிக்கு அழைக்கும்போது நாற்சக்கர வண்டி என்று சொல்லி, நான்கு சில்லும் மேலே ஏறும் பிளாட்பெட்டையே கேளுங்கள்.