பிள்ளைகளைப் பார்க்கப் போற ஆய்வு மாணவர்களே, முதல்ல உங்க பேப்பரைச் சரி பண்ணுங்க

விருதுநகர் மாவட்டத்து வன்னியம்பட்டி விலக்குல பஸ் இறங்கி, கேள்வித்தாள் கட்டோட நேரா பள்ளிக்கூடத்துக்குள்ள நுழையிற தம்பி தங்கைகளே, கொஞ்சம் நில்லுங்க. கைடு கையெழுத்துப் போட்ட லெட்டர் போதும்னு யார் சொன்னாங்க? நீங்க எந்தத் துறையில பிஎச்.டி. பண்றீங்கனுதான் அது சொல்லும். உங்க மேல வழக்கு ஏதும் இருக்கானு அது சொல்லாது.

2024 ஆகஸ்ட்டுல கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தனியார் பள்ளி ஒண்ணுல நடந்தது ஞாபகம் இருக்கா? என்.சி.சி. முகாம்னு சொல்லிக்கிட்டு வந்தவங்களை நம்பி உள்ளே விட்டாங்க. முகாமே போலி. மாணவிகள் பாலியல் வன்முறைக்கு ஆளானாங்க. என்.சி.சி. அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். அதனால ஹெச்.எம். உங்களைத் துருவித் துருவிக் கேட்டா முகம் சுளிக்காதீங்க. அவங்க தங்க வேலையைச் செய்யுறாங்க.

1. போலீஸ் சரிபார்ப்புச் சான்றிதழை யாரும் கேட்கலையேனு இருந்துடாதீங்க. குழந்தைகளோட புழங்குற நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்கு போலீஸ் சரிபார்ப்பு செய்யணும்னு 2020 போக்சோ விதிகள் சொல்லுது. நீங்க அந்தப் பள்ளியோட ஊழியர் இல்லையே! பள்ளி, ‘யூனிவர்சிட்டி பார்த்திருக்கும்’னு நினைக்கும். யூனிவர்சிட்டி, ‘பள்ளி பார்த்துக்கும்’னு நினைக்கும். ரெண்டு பேரும் பார்க்காம நீங்க உள்ளே போயிடுவீங்க. கேட்கிறதுக்கு முன்னாடியே நீங்களே வாங்கிக் கொடுங்க.

2. எங்கே வாங்கணும்? தமிழ்நாடு காவல்துறை இணையதளத்துல தனிநபர் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். பாஸ்போர்ட் ஆபீஸ் வரிசையில போய் நிக்காதீங்க, அது வெளிநாடு போறவங்களுக்கு. ஹாஸ்டல் முகவரியா, வீட்டு முகவரியானு கைடுகிட்ட கேட்டுட்டு, விசாரிக்க வர்றப்போ ஆள் இருக்கிற இடத்தையே கொடுங்க. வேற மாநிலத்துல படிச்சிருந்தா அங்கேயும் வாங்குங்க. சர்வே தொடங்க ஒரு மாசம் முன்னாடியே போடுங்க, கடைசி வாரத்துல அலையாதீங்க.

3. கூட வர்றவங்களுக்கும் வேணும். இதைத்தான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. உங்களுக்கு மட்டும் வாங்கிட்டு, உதவிக்கு ஒரு ஃப்ரெண்டு, வீடியோ எடுக்க ஒரு தம்பினு கூட்டிட்டுப் போவீங்க. அவங்க யாருனு பள்ளிக்குத் தெரியுமா? பேப்பர் இல்லாதவங்க கேட்டுக்கு வெளியவே நிக்கட்டும்.

4. சர்டிஃபிகேட் வந்தாலும் தனியறை கிடையாது. இங்கிலாந்துல சோஹம்னு ஒரு ஊர். 2002-ல பத்து வயசுப் பிள்ளைகள் ரெண்டு பேரை ஒரு பள்ளிக் காப்பாளர் கொன்னான். அவன் மேல முன்னாடி வந்த புகார்கள் வேற பகுதி போலீஸுக்குத் தெரிஞ்சிருந்தும், வேலைக்கு எடுக்கும்போது நடந்த சரிபார்ப்புல வெளியவே வரல. பதிவானதை மட்டும்தான் பேப்பர் காட்டும். அதனால வராந்தாவுல உட்காருங்க, கதவு திறந்திருக்கட்டும், டீச்சர் கண்ணுக்குத் தெரியுற தூரத்துல பேசுங்க. சாக்லேட், தனி போன் நம்பர், செல்ஃபி எதுவும் வேண்டாம்.

5. அனுமதி வரிசை: முதல்ல எத்திக்ஸ் கமிட்டி. அரசுப் பள்ளின்னா முதன்மைக் கல்வி அலுவலர், அங்கன்வாடின்னா ஐ.சி.டி.எஸ். மாவட்ட அலுவலகம். ரெண்டுக்கும் விருதுநகர்தான் போகணும், ஒரே நாள்ல முடிங்க. பரீட்சை நேரத்துல போய்க் கேட்காதீங்க.

6. பெற்றோர் கையெழுத்தை டீச்சர்கிட்ட வாங்காதீங்க. ராஜபாளையம் மில்லுக்கு ஷிஃப்ட் போற அம்மா பகல்ல இருக்க மாட்டாங்க. சாயங்காலம் வீட்டுக்குப் போய் விளக்கிச் சொல்லி வாங்குங்க. பிள்ளையோட சம்மதமும் வேணும். ஐ.சி.எம்.ஆர். 2017 வழிகாட்டி நெறிப்படி ஏழு வயசுல இருந்து பன்னிரண்டு வரை வாய்மொழியா, அதுக்கு மேல எழுத்துல. ‘எனக்கு வேண்டாம் அக்கா’னு பிள்ளை சொன்னா அத்தோட விடுங்க, கெஞ்சாதீங்க.

7. பிள்ளை ஏதாவது சொல்லிட்டா? இதுக்குத் தயாராகாம போகவே போகாதீங்க. ‘யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்’னு சத்தியம் பண்ணாதீங்க. பாலியல் கொடுமைனு தெரிஞ்சாலோ சந்தேகம் வந்தாலோ போலீஸுக்குச் சொல்லியே ஆகணும். போக்சோ சட்டம் 19-வது பிரிவு ஆய்வாளருக்கும் சேர்த்துத்தான். மறைச்சா ஆறு மாசம் வரை சிறை, அபராதம், இல்லை ரெண்டுமே. நல்லெண்ணத்துல சொன்ன தகவலுக்காக உங்க மேல வழக்கு வராது, பயப்படாதீங்க. ஒப்புதல் படிவத்துல ‘ரகசியம் காக்கப்படும்’னு எழுதுற இடத்துலயே இந்த விதிவிலக்கையும் எழுதிடுங்க.

   அந்த நேரத்துல குறுக்குக் கேள்வி கேட்காதீங்க. பிள்ளை சொன்ன வார்த்தையை அப்படியே, தேதி நேரத்தோட எழுதுங்க. சைல்டு ஹெல்ப்லைன் 1098-க்குக் கூப்பிடுங்க, ஸ்டேஷனுக்கும் சொல்லுங்க, கைடுக்குத் தகவல் அதுக்கு அப்புறம். ஸ்ரீவில்லிபுத்தூர் போக்சோ கோர்ட் வரைக்கும் போகக்கூடிய விஷயம் இது. ரெக்கார்டிங்கை எந்த வாட்ஸ்அப் குரூப்லயும் போடாதீங்க. ஆய்வேட்டுல அந்தப் பிள்ளையோட பேரும் வரக்கூடாது, தெருவும் வரக்கூடாது, பள்ளியும் வரக்கூடாது.