மோட்டார் எஞ்சின் கொதிப்பது ஏன்?

சென்னையிலிருந்து பூந்தமல்லி செல்லும் நெடுஞ்சாலையில் மதுரவாயலை அடுத்து வேலப்பன்சாவடி உள்ளது. சாவடி என்பது வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடம். மாட்டுவண்டிக் காலத்தில் மாடு களைத்தால் அவிழ்த்துவிட்டுத் தண்ணீர் காட்டுவார்கள். இன்று அவ்வழியே காரும் லாரியும், கோயம்பேட்டு அங்காடிக்குக் காய்கறி ஏற்றிய வண்டிகளும் நெருக்கமாய் ஊர்ந்து செல்கின்றன. சித்திரை வெயிலில் இவற்றுள் ஏதேனும் ஒன்று ஆவி கக்கி ஓரத்தில் நின்றுவிட்டால், ஏற்றிய சரக்கு வாடிவிடும்; எஞ்சினும் பாழாகலாம். ஆகவே காரணம் அறியும் முறையை வண்டி வைத்திருப்போர் யாவரும் தெரிந்துகொள்ளுதல் நலம்.

வெப்பம் செல்லும் வழி

எஞ்சினில் எரியும் எண்ணெயின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வண்டியை இழுக்கும் வேலையாகிறது. ஒரு பங்கு புகையோடு போகிறது. எஞ்சிய பங்கில் பெரும்பகுதியைத் தண்ணீர் ஏந்திச் சென்று ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுக்கிறது. தண்ணீரைச் சுழற்றுவது பம்பு. காற்றை இழுப்பது விசிறி. எஞ்சின் போதிய சூடடைந்த பின்னரே ரேடியேட்டருக்கு வழி திறப்பது தெர்மாஸ்டாட். பெரும்பாலான எஞ்சின்களில் இது 80 முதல் 90 பாகை செல்சியசில் திறக்கத் தொடங்கும். இவற்றுள் ஒன்று தவறினாலும் வெப்பம் தேங்கிவிடும்.

முதலில் செய்ய வேண்டியது

வெப்பமானியின் முள் சிவப்பை அடைந்தால் வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துக. சூடாக உள்ளபோது ரேடியேட்டர் மூடியைத் திறத்தல் கூடவே கூடாது. மூடியின் அழுத்தத்தால் தண்ணீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். திறந்தவுடன் ஆவியாய்ச் சீறி முகத்தையும் கையையும் வேக வைத்துவிடும். நன்றாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும். சூடேறிய எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் இரும்பு வெடிக்கக்கூடும்.

எப்போது சூடேறுகிறது?

நோயின் காலத்தைக் கொண்டு மருத்துவர் காரணம் காண்பதுபோல, சூடேறும் வேளையைக் கொண்டே பெரும்பாலும் குற்றத்தைக் கண்டுவிடலாம்.

1. நெரிசலில் நிற்கும்போது மட்டும் சூடேறி, ஓடும்போது தணிந்தால் விசிறியை ஐயுறுக. பெல்ட் தளர்ந்திருக்கலாம். மின்விசிறியானால் ஃபியூஸ், மோட்டார் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

2. வேகத்திலும் பாரத்திலும் மட்டும் சூடேறினால், ரேடியேட்டரின் உட்குழாய்கள் உப்புப் படிந்து அடைபட்டிருக்கலாம். கீழ் ரப்பர் குழாய் உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொள்வதும் உண்டு.

3. புறப்பட்ட சிறிது நேரத்திலேயே முள் ஏறியும் ரேடியேட்டர் குளிர்ந்தே இருந்தால், தெர்மாஸ்டாட் திறக்கவில்லை. அல்லது பம்பு வேலை செய்யவில்லை. அல்லது தண்ணீரே இல்லை.

4. வெளியே ஒழுக்கு இல்லாமல் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தால், சிலிண்டர் தலையின் கேஸ்கட்டை ஐயுறுக. எண்ணெய் பால்போல் வெளுத்தல், வெண்புகை ஓயாது வருதல், ஆறிய எஞ்சினை மூடி திறந்து இயக்கும்போது ரேடியேட்டரில் குமிழிகள் தொடர்ந்து எழுதல் ஆகியன இதன் அடையாளங்கள். இந்நிலையில் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கிடம் சேர்ப்பதே சிக்கனம்.

5. முள் ஏறியும் எஞ்சினில் சூடு மிகுதியாக இல்லையெனில், குற்றம் வெப்பமானியிலோ அதன் கம்பியிலோ இருக்கலாம்.

டிராக்டர் உடையோர்க்கு

கதிரடிக்கும் காலத்தில் பதரும் வைக்கோல் துரும்பும் ரேடியேட்டரின் முன்வலையை மூடிவிடும். எஞ்சினை நிறுத்திய பின் நாள்தோறும் இதனைத் துடைத்தல் வேண்டும். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளை வளைக்காமல், எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிநோக்கி இலேசாகக் காற்றோ நீரோ செலுத்துக.

கிணற்றின் உப்புநீரை ஊற்றுதல் பெரும்பிழை. காய்ச்சும் பாத்திரத்தில் உப்புப் படிவதை வீட்டில் காண்கிறோம்; அப்படியே ரேடியேட்டரிலும் படியும். காய்ச்சி வடித்த நீரில் கூலண்ட் கலந்து, தயாரிப்பாளர் கூறும் கால அளவில் மாற்றுக.

ஊராட்சியின் குடிநீர் டிராக்டர் ஒருநாள் நின்றாலும் தெருவே குடத்துடன் காத்து நிற்கும். ஆதலால் ஓட்டுநர் காலைதோறும், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே, தண்ணீர், எண்ணெய், பெல்ட், ரப்பர் குழாய் ஆகிய நான்கையும் பார்த்து ஏட்டில் குறித்துவர உறுப்பினர்கள் ஏற்பாடு செய்வார்களாக. சில நிமிடங்களில் முடியும் இவ்வேலை, பெருஞ்செலவுள்ள பழுதினைத் தடுக்கும்.