சத்திரக்காரன் கையில் இரண்டு பணம்

வேதபாடம்: லூக்கா 10:30-35



நேபாள மலைக்கிராமங்களுக்கு மருத்துவ ஊழியமாய்ப் போக அநேகர் வாஞ்சிக்கிறார்கள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! ஆனால், "தெய்வீக சுகத்தை விசுவாசிக்கிற நாம மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போகலாமா?" என்று சிலர் என்னிடம் கேட்கிறார்கள். மெலித்தா தீவில் பவுல் ஜெபித்தார், புபிலியுவின் தகப்பன் சுகமானான் (அப். 28:8). அதே பயணத்தில் பிரியமான வைத்தியனாகிய லூக்காவும் கூட இருந்தான். ஜெபமும் வைத்தியமும் ஒரே கப்பலில்தானே போயின! ஆகவே தைரியமாய்ப் போகலாம். எப்படிப் போவது என்பதை நல்ல சமாரியனிடம் கற்றுக்கொள்வோம்.

1. தேவையானதைக் கொடுத்தான்

காயத்துக்கு எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான். வீட்டில் மீந்துபோனதைத் தள்ளிவிடவில்லை. நன்கொடை மருந்து போய்ச் சேரும்போது குறைந்தது 1 வருடமாவது கெடு இருக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே வழிகாட்டியிருக்கிறது. காலாவதியாகப்போகிற மாத்திரையைக் கொடுப்பது ஊனமான ஆட்டைப் பலியிடுவதுபோல் அல்லவா (மல். 1:8)? வெளிநாட்டு டாக்டர்கள் அந்நாட்டு மருத்துவக் கவுன்சிலின் அனுமதியும் பெறவேண்டும்.

2. நிபந்தனை போடவில்லை

"நீ எந்த ஜாதி, எந்த மதம்?" என்று அவன் கேட்டதாக வசனம் சொல்லவில்லை. நேபாளத்தில் 2018-ல் அமலுக்கு வந்த குற்றவியல் சட்டத்தின்படி, மதம் மாற்றினால் 5 வருடம் வரை சிறை. நாம் விமானம் ஏறி வந்துவிடுவோம். வழக்கைச் சுமப்பது அங்குள்ள சிறிய சபை. சட்டம் இல்லாவிட்டாலும் மாத்திரையைத் தூண்டிலாக்குவது அன்பல்ல, பிரியமானவர்களே.

3. சத்திரக்காரனிடம் ஒப்படைத்தான்

இதைத்தான் நாம் அதிகம் மறக்கிறோம். இரத்தக்கொதிப்புக்காரருக்கு 7 நாள் மாத்திரை கொடுத்தால் 8-ம் நாள் என்ன செய்வார்? 1950-களின் தொடக்கத்தில் பறவைகளை ஆராய டான்சென் ஊருக்குப் போன ராபர்ட் பிளெமிங்கின் குழுவில் டாக்டர்களும் இருந்தார்கள். வியாதியஸ்தர் திரளாய் வந்தார்கள். குழு திரும்பியதோடு காரியம் முடியவில்லை. ஊரார் ஆஸ்பத்திரி கேட்டார்கள், 1954-ல் நேபாள ஐக்கிய மிஷன் பிறந்தது. டான்சென் ஆஸ்பத்திரி இன்றும் நடக்கிறது.

ஆகையால், டிக்கெட் எடுக்கும் முன்னே கேளுங்கள்: "அந்த ஊரில் நம்முடைய சத்திரக்காரன் யார்?" அரசு சுகாதார நிலையமா, மிஷன் ஆஸ்பத்திரியா? நோயாளியின் சீட்டை யார் கையில் கொடுத்து வருவோம்? அடுத்த மாத மாத்திரைக்கு யார் பணம் அனுப்புவது? இங்கேதான் போகமுடியாத தாய்மார்களுக்கும் முதியவர்களுக்கும் பங்கு உண்டு. நீங்கள் மாதந்தோறும் கொடுப்பதே அந்த இரண்டு பணம்!

திரும்பி வருவேன் என்று சமாரியன் வாக்குக் கொடுத்தான். நாமும் அப்படி வாக்குக் கொடுத்து, அதை நிறைவேற்றுகிற ஜனமாயிருக்கக் கர்த்தர் கிருபை செய்வாராக. ஆமென், அல்லேலூயா!