இயக்க முறைமையைப் பெயர்த்து நடுதல்

ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வு நிலையம் உள்ளது. அங்குள்ள 2.3 மீட்டர் தொலைநோக்கிக்கு 1986ஆம் ஆண்டில் வைணு பாப்பு என்ற வானியல் அறிஞரின் பெயர் சூட்டப்பட்டது. நன்றாகப் பேணப்படும் தொலைநோக்கி பல பத்தாண்டுகள் உழைக்கும். கணிப்பொறிகளுக்கு அவ்வளவு ஆயுள் இல்லை. 1986இல் பயன்பட்ட செயலி வகைகளில் பெரும்பாலானவை இன்று தயாரிக்கப்படுவதில்லை. தொலைநோக்கி, இரயில் சைகை, மருத்துவக் கருவி என எதுவானாலும், நீண்ட காலம் உழைக்கும் கருவியோடு கணிப்பொறியை இணைத்தால் ஒரு கேள்வி எழுந்தே தீரும். செயலி மாறினால் அதில் ஓடிய மென்பொருளின் கதி என்ன?

மாணவர்களே, இந்தக் கேள்விக்கு விடை காண்போம்.

செயலியின் மொழி

செயலிக்குத் தெரிந்தவை எண்கள் மட்டுமே. ஓர் எண்ணைக் கண்டால் கூட்டும். வேறோர் எண்ணைக் கண்டால் நினைவகத்திலிருந்து தகவலை எடுக்கும். எந்த எண்ணுக்கு என்ன வேலை என்று வகுத்துச் சொல்வதே கட்டளைத் தொகுதி. ஒரு வகைச் செயலியில் கூட்டலைக் குறிக்கும் எண் மற்றொரு வகையில் பொருளற்றதாகிவிடலாம். ஆகவே ஒன்றுக்காக எழுதிய நிரலை அப்படியே மற்றொன்றில் ஓட்ட இயலாது.

இந்தத் தடையைக் கடக்க உதவியது சி என்னும் நிரல்மொழி. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்த யுனிக்ஸ் இயக்க முறைமை, முதலில் ஒரு குறிப்பிட்ட பொறியின் மொழியிலேயே எழுதப்பட்டது. 1973இல் அதைச் சி மொழியில் திருத்தி எழுதினர். சி நிரலைச் செயலியின் எண்களாக மாற்றித் தருவது தொகுப்பி என்ற மென்பொருள். புதிய செயலிக்கு ஒரு தொகுப்பி இருந்தால், பழைய நிரலை மீண்டும் தொகுத்துக்கொள்ளலாம் அல்லவா?

பெரும்பகுதிக்கு இது சரி, முழுவதற்கும் அன்று. மரத்தைப் பெயர்த்து வேறிடத்தில் நடும்போது அடிமரமும் கிளைகளும் மாறுவதில்லை. வேர்தான் புதிய மண்ணைப் பற்ற வேண்டும். இயக்க முறைமைக்கும் அத்தகைய வேர்ப்பகுதி உண்டு.

வேர்ப்பகுதி எது?

லினக்ஸை எடுத்துக்கொள்வோம். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் இதை இன்டெல் 386 செயலிக்காக எழுதினார். அந்தச் செயலியில் பொதுப் பயன்பாட்டுக்கான பதிவகங்கள் 8. ரிஸ்க்-ஃபைவ் என்னும் புதிய வகையில் 32. அவற்றுள் ஒன்று எப்போதும் சுழியமே. கணிப்பொறி ஒரு நிரலை நிறுத்திவிட்டு மற்றொன்றுக்கு மாறும்போது, முதல் நிரலின் பதிவக மதிப்புகளைப் பத்திரப்படுத்த வேண்டும். ரிஸ்க்-ஃபைவில் சுழியம் நீங்கலாக 31 மதிப்புகள். இந்த மாற்று வேலையைப் புதிதாகத்தான் எழுத வேண்டும்.

நினைவக முகவரிகளைப் பகுக்கும் முறையும் மாறும். 386 செயலி 32 இருமக் குறிகளை 10, 10, 12 எனப் பகுத்தது. ரிஸ்க்-ஃபைவின் ஒரு முறை 39 குறிகளை 9, 9, 9, 12 எனப் பகுக்கிறது. முன்னதில் இரண்டு அடுக்கு அட்டவணை. பின்னதில் மூன்று அடுக்கு. மின்சாரம் பாய்ந்தவுடன் நடக்கும் முதல் வேலைகள், கடிகாரத் துடிப்பு, குறுக்கீடுகளைக் கையாளுதல் ஆகியவையும் வேர்ப்பகுதியைச் சேர்ந்தவையே.

இந்த வேலையில் முதல் வெற்றி எது தெரியுமா? திரையில் ஓர் எழுத்து தோன்றுவதுதான். அதற்கு முன் நேரும் பிழை எதுவும் வெளியே தெரியாது. பொறி ஊமையாகவே நிற்கும்.

மறைந்திருக்கும் பிழை

258 என்ற எண்ணை இரண்டு பைட்டுகளில் எழுதுவோம். 258 = 1 × 256 + 2. சில பொறிகள் 1, 2 என்ற வரிசையில் வைக்கும். சில 2, 1 என வைக்கும். ஒரு பொறி எழுதியதை மற்றொன்று தன் வழக்கப்படி படித்தால் 2 × 256 + 1 = 513 ஆகிவிடும்! இதே காரணத்தால் யுனிக்ஸின் ஆங்கிலப் பெயரிலுள்ள நான்கு எழுத்துகள் இரண்டிரண்டாக இடம் மாறி ‘நுக்ஸி’ ஆகின்றன. இதற்கு நுக்ஸி சிக்கல் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

சென்னையில் பிறந்த சக்தி

ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதி 2010இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்டது. அதைப் பயன்படுத்த எவரும் உரிமத்தொகை செலுத்த வேண்டியதில்லை. இந்த விதிகளைப் பின்பற்றிச் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடியின் குழுவினர் ‘சக்தி’ செயலிகளை வடிவமைத்தனர். 2018ஆம் ஆண்டு சனவரியில் வெளியான லினக்ஸ் 4.15 பதிப்பில் ரிஸ்க்-ஃபைவுக்குரிய வேர்ப்பகுதி சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு சூலையில் சக்தியின் முதல் 300 சில்லுகள் அமெரிக்காவின் ஆரிகனில் உள்ள இன்டெல் ஆலையில் உருவாயின. அவற்றில் லினக்ஸ் ஓடியது. பின்னர் அதே ஆண்டில் சண்டிகருக்கு அருகிலுள்ள செமிகண்டக்டர் ஆய்வகத்தில் மற்றொரு சில்லும் உருவாயிற்று.

இங்கே நாம் கருத வேண்டியது ஒன்று. லினக்ஸின் மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் வழங்கலாம். அதனால்தான் உலகின் பல இடங்களில் பலர் செய்த பெயர்ப்பு வேலை சென்னைக்கும் பயன்பட்டது. மூலநிரலைப் பூட்டி வைத்திருந்தால், புதிய செயலியில் அதை நடலாமா என்பதை உரிமையாளர் ஒருவரே முடிவு செய்வார். அவர் மறுத்தால் நம் செயலி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதில் ஓட ஒன்றும் இராது. தன் கருவிகளைத் தானே பேணிக் காக்க விரும்பும் நாட்டுக்குச் செயலி மட்டும் போதாது. மூலநிரலும் கையில் இருக்க வேண்டும்.

கணக்கிட்டுப் பாருங்கள்

1. 772 என்ற எண்ணை இரண்டு பைட்டுகளில் எழுதி, வரிசை மாற்றிப் படித்தால் வருவது என்ன?

2. 39 இருமக் குறிகளால் எத்தனை பைட்டுகளுக்கு முகவரி தரலாம்? (2³⁰ பைட்டு = 1 ஜிகாபைட் எனக் கொள்க.)

விடைகள்: 1) 1027. 2) 512 ஜிகாபைட்.