எல்லை தாண்டி வாங்கிய புதுக் கார் பழுதானால்

கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் பக்கத்தவர்கள் கார் வாங்கப் பாலக்காட்டுக்கும் போவார்கள், பொள்ளாச்சிக்கும் கோவைக்கும் போவார்கள். மறையூர்க்காரருக்கு உடுமலைப்பேட்டை பக்கம். பூப்பாறைக்காரருக்குப் போடியும் தேனியும், குமுளிக்காரருக்குக் கம்பம். விற்றவர் தமிழ்நாட்டில் இருப்பார், வண்டிக்குக் கேரளப் பதிவு இருக்கும். புது வண்டி சில வாரங்களிலேயே மக்கர் செய்யும்போது, "வாங்கின ஊருக்கே போய்த்தான் கேஸ் போடணும்" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். அலைச்சலுக்குப் பயந்து பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள்.

அந்தப் பேச்சு 1986ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பெரும்பாலும் பொருந்தும். 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதை மாற்றிவிட்டது. அதன் 34ஆம் பிரிவின்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலோ வேலை பார்க்கும் மாவட்டத்திலோ உள்ள நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். கோவையில் விற்றவர் பாலக்காட்டுக்கு வந்து பதில் சொல்ல வேண்டும். தேனியில் விற்றவர் இடுக்கிக்கு வர வேண்டும். எல்லையோர மக்களுக்கு இந்தச் சட்டம் தந்த பெரிய பலம் இது.

டெலிவரி எடுக்கும் முன்பே

பதிவு முடிவதற்கு முன் வண்டியை வேண்டாம் என்று சொல்வது எளிது. பிறகு ஒவ்வொன்றுக்கும் போராட வேண்டியிருக்கும். அதனால் பகல் வெளிச்சத்தில் போய்ப் பாருங்கள். சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் இன்வாய்ஸில் உள்ளவைதானா, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, எங்காவது மறுபடி பெயின்ட் அடித்த தடம் தெரிகிறதா என்று பாருங்கள். விற்பனைச் சான்றான படிவம் 21இல் வண்டி தயாரான மாதமும் ஆண்டும் இருக்கும். 2009 மாடல் காரை 2011இல் புதுசு என்று ஒருவருக்கு விற்ற கோவா வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

ஜாப் கார்டுதான் சாட்சி

பழுது தெரிந்த அன்றே, நிறுவனம் அங்கீகரித்த சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். தெரிந்த மெக்கானிக் கையில் ஒருமுறை கொடுத்துவிட்டால், 'வெளியாள் கைவைத்ததால் வந்த கோளாறு' என்று சொல்லி வாரன்டியை மறுக்க அவர்களுக்கு வழி கிடைத்துவிடும்.

அங்கே உங்கள் புகாரை நீங்கள் சொன்னபடியே ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். 'பொதுச் சோதனை' என்று எழுதிய ஜாப் கார்டால் பின்னாளில் பயன் இல்லை. 'இரண்டாம் கியர் விழவில்லை', 'ஓடும்போது எஞ்சின் தானே நிற்கிறது' என்று இருக்க வேண்டும். வண்டியை விட்ட தேதி, திரும்ப எடுத்த தேதி, கிலோமீட்டர், மாற்றிய பாகம் நான்கும் அதில் இருக்கட்டும். பழுது தீராமல் 'திருப்தி' என்ற இடத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். 'கோளாறு தொடர்கிறது' என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். அன்று மாலையே அதே விஷயத்தை நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். வீடியோ எடுத்திருந்தால் போனில் உள்ள அசல் பதிவை அழிக்காதீர்கள்.

மலைப்பகுதியில் இருப்பவர்கள் கூடுதலாக ஒன்று செய்ய வேண்டும். போடிமெட்டு ஏற்றத்திலோ சின்னாறு வழியிலோ ஓட்டுபவர் கிளட்ச், பிரேக் பற்றிக் குறை சொன்னால், "மலையில கிளட்ச்சை மிதிச்சே ஓட்டியிருப்பீங்க" என்ற பதில் தயாராக இருக்கும். கிளட்ச் தேய்மானம் பொதுவாக வாரன்டிக்குள் வராது என்பதால் இந்தப் பதில் அவர்களுக்கு வசதியானது. அதனால் சர்வீஸ் சென்டர் ஆளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சமதளச் சாலையில் ஓட்டிக் காட்டி, அங்கேயும் கோளாறு வந்ததை ஜாப் கார்டில் ஏற்றிவிடுங்கள்.

வழக்குக்கு முன்

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், மலையாளத்திலும் பேசலாம். அவர்கள் புகாரை நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். சில சமயம் அதிலேயே விஷயம் முடிந்துவிடும். முடியாவிட்டால் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். விற்றவர், தயாரித்த நிறுவனம் இருவர் பெயரும் அதில் இருக்கட்டும், ஏனென்றால் அவரவர் செய்ததற்கு அவரவர்தான் பொறுப்பு. மேலே சொன்ன கோவா வழக்கில், டீலர் செய்த ஏமாற்றுக்குத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்க முடியாது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒருவரை மட்டும் சேர்த்தால் தவறு மற்றவருடையது என்று அவர் கைகழுவிவிடலாம்.

இ.எம்.ஐ.யை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். வங்கிக்கும் உங்களுக்கும் உள்ள ஒப்பந்தம் தனி. தவணை தவறினால் வண்டியும் போகும், வழக்கும் பலவீனமாகும்.

பிரேக், ஸ்டியரிங், ஏர்பேக் போன்ற பாதுகாப்புக் கோளாறு என்றால் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் வாகனத் திரும்பப்பெறல் தளத்திலும் பதியுங்கள். ஒரே மாடலுக்குப் போதிய புகார்கள் சேர்ந்தால் அந்த வண்டிகளைத் திரும்பப் பெற அரசு உத்தரவிட முடியும்.

ஆணையத்தில்

பழுது தெரிந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். "அடுத்த சர்வீஸில் பார்க்கலாம்" என்று அவர்கள் தள்ளும் மாதங்களும் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் கழியும். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையம் போதும். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, அதற்கு மேல் 1,000. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம், வீடியோ மூலம் விசாரணையும் கேட்கலாம். மனுவை மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எழுதுவது நல்லது. தமிழில் உள்ள ரசீதுகளுக்கு மொழிபெயர்ப்பு இணையுங்கள். வக்கீல் கட்டாயமில்லை. வேண்டுமென்றால் வட்டச் சட்டப் பணிக் குழுவை நாடுங்கள், பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே சட்ட உதவி இலவசம்.

மூணாறில் ஜீப் ஓட்டிப் பிழைப்பவருக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது. வணிகத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்று எதிர்த்தரப்பு வாதிடும். தன் பிழைப்புக்காகத் தானே ஓட்ட வாங்கியவர் நுகர்வோர்தான். கோவை பி.எஸ்.ஜி. இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் எதிர்த்தரப்பாக இருந்த வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது.

என்ன கேட்பது என்பதில் நிதானம் வேண்டும். ஒரு பாகம் கெட்டதற்காக முழு வண்டியையும் மாற்றித் தரச் சொல்ல முடியாது என்று 2006இல் மாருதி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வண்டியில் உற்பத்திக் குறையே இருக்கிறது என்று காட்ட வேண்டும். அதற்கு மோட்டார் வாகன ஆய்வாளரையோ அரசுப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியரையோ நிபுணராக நியமிக்கும்படி மனு போடுங்கள். அதற்கான செலவை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். இதைச் செய்யத் தயங்குவதால்தான் பல நல்ல வழக்குகள் தோற்கின்றன என்பது என் கருத்து. ஃபியட் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றமே நிபுணர் அறிக்கையை அடிப்படையாக வைத்து, உள்ளார்ந்த குறை இருந்தால் விலையோடு வாகன வரியையும் திருப்பித் தரச் சொன்னது. விதிவிலக்கும் உண்டு. விபத்தில் ஏர்பேக் விரியாத ஹூண்டாய் கார் வழக்கில், மோதலின் வேகத்தையும் விசையையும் கணக்கிட்டு நிரூபிப்பது வாங்கியவர் வேலை அல்ல என்று 2022இல் சொல்லி, வண்டியை மாற்றித் தரும் உத்தரவை அது உறுதி செய்தது.

மனுவில் முதலில் விலையைத் திருப்பிக் கேளுங்கள். அது இல்லையென்றால் புது வண்டி, அதுவும் இல்லையென்றால் குறை நீக்கமும் வாரன்டி நீட்டிப்பும் என்று வரிசையாக எழுதுங்கள். சாலை வரி, காப்பீடு, கடன் வட்டி, மாற்று வண்டிக்குக் கொடுத்த வாடகை, மன உளைச்சலுக்கான இழப்பீடு என்று தனித்தனியே தொகை போடுங்கள். கேட்காத தொகை பொதுவாகக் கிடைக்காது.

நோட்டீஸ் கிடைத்ததும் எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், கூடுதலாக 15 நாள் மட்டுமே நீட்டிக்கலாம். அதற்கு மேல் அவகாசம் தர முடியாது என்று 2020இல் அரசியல் சாசன அமர்வு முடிவு செய்துவிட்டது. அதனால் 46ஆம் நாள் அதைச் சுட்டிக்காட்டுங்கள்.

தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தால் அவர்கள் 45 நாளுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் கட்டச் சொன்ன தொகையில் பாதியை முதலில் செலுத்த வேண்டும். மேல்முறையீடும் இல்லை, பணமும் வரவில்லை என்றால் அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு போடுங்கள். 72ஆம் பிரிவின்படி உத்தரவை மீறியவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். பணம் கைக்கு வந்து வண்டியை ஒப்படைக்கும் நாளில் கடன் பதிவை நீக்கி, ஆர்.சி.யில் உங்கள் பெயரையும் மாற்றச் சொல்லுங்கள். ஒப்படைத்ததற்கு எழுத்தில் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.