வீட்டுவேலை: வாரத்துக்கு ஒன்று போதும்

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் மழைக்குப் பஞ்சமில்லை. தரம் 3, 4 பிள்ளைகள் அதையே அளக்கட்டும்.

அடியும் வாயும் ஒரே அகலமுள்ள டின் ஒன்றை, கூரைத் தண்ணீரும் மரச்சொட்டும் விழாத வெளியில் வையுங்கள். தினமும் காலையில் அடிமட்டத்தை உள்ளே நிறுத்தி, மில்லிமீற்றர் கணக்கைக் கொப்பியில் எழுதி, நீரைக் கொட்டிவிட வேண்டும்; விட்டால் நுளம்பு முட்டையிடும். பல அடிமட்டங்களில் பூச்சியம் ஓரத்திலிருந்து தொடங்காது. அந்த இடைவெளியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஞாயிறன்று ஏழு நாளையும் கூட்டி, சதுரக்கோட்டுத் தாளில் சலாகை வரைபடம் போடலாம்.

அடுத்த வாரம் கணக்கு. கொழுந்து மடுவத்தில் நிறுத்த கிலோவை அம்மா சொல்ல, பிள்ளை நாளாந்தம் எழுதிக் கூட்டட்டும். இறப்பர் மலையென்றால் பால் லீற்றர்.

பிறகு மொழி. தோட்டத்தை ஒட்டியே சிங்களக் கிராமங்கள் இருக்கின்றன. அங்குள்ள பிள்ளையிடம் ஐந்து சொல் கேட்டு, தமிழில் ஐந்து சொல்லிக்கொடுத்தால் இரண்டு பேருக்கும் இலாபம். எனக்குப் பிடித்தது இதுதான்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை: ‘இணையத்தில் படம் எடுத்து ஒட்டி வா’ என்று மட்டும் சொல்லாதீர்கள். லயத்துப் பிள்ளை அச்சடிக்க எங்கே போகும்? கையால் வரையச் சொல்லுங்கள்.