மூட்டையும் முதுகும்



லாரி வந்து நின்றதும் சாக்கு கிழிந்திருக்கிறதா, எடை குறைகிறதா என்று பார்க்கிறோம். இறக்குகிறவரின் முதுகை யாரும் பார்ப்பதில்லை. மணமேல்குடி போன்ற ஊர்களில் பல கடைகளுக்குத் தனி லோடுமேன் கிடையாது. கடைப் பையனோ முதலாளியோதான் சிப்பத்தைத் தூக்குகிறார். ஆகவே இது நம் முதுகுக்கும் சேர்த்துத்தான்.

பழைய வெள்ளிக்கோலை மூத்த வணிகர்கள் அறிவார்கள். தூக்குக்கயிற்றுக்கு அருகே தொங்கும் கனமான சரக்கை, தள்ளியிருக்கும் மறுமுனையின் சிறு எடை சமன் செய்துவிடும். நம் உடம்பும் ஒரு வெள்ளிக்கோல்தான். இடுப்புப் பகுதி முதுகெலும்புதான் அந்தக் கயிறு. கையிலுள்ள மூட்டை நீண்ட முனையில் இருக்கிறது. பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் தசையோ முதுகெலும்பிலிருந்து சுமார் 5 செ.மீ. தூரத்தில்தான் இருக்கிறது. 25 கிலோ சிப்பத்தை 40 செ.மீ. தள்ளிப் பிடித்தால் அத்தசை 8 மடங்கு, அதாவது 200 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். 20 செ.மீ. தூரத்தில் அணைத்துப் பிடித்தால் 100 கிலோ போதும். குனிந்தால் மேலுடம்பின் எடையும் இதில் சேரும். இத்தனை அழுத்தத்தையும் எலும்புகளுக்கு இடையே உள்ள வட்டுகள் தாங்குகின்றன. குனிந்தபடியே இடுப்பைத் திருப்பி மூட்டையைப் பக்கத்தில் போடுவது இன்னும் கெடுதல். காலை நகர்த்தி உடம்போடு திரும்ப வேண்டும்.

எவ்வளவு தூக்கலாம்? சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967-இல் வளர்ந்த ஆணுக்கு 55 கிலோ என்று பரிந்துரைத்தது. அமெரிக்க அரசின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1991-இல் வகுத்த கணக்கில், எல்லா வசதியும் சரியாக அமைந்தாலே 23 கிலோதான் வரம்பு. நம் நாட்டின் 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டம் 34-வது பிரிவில், காயம் உண்டாக்கக்கூடிய பாரத்தைத் தூக்கச் சொல்லக் கூடாது என்றது. அது ஆலைகளுக்கு எழுதப்பட்டது, மளிகைக் கடைக்கு அல்ல.

வேடிக்கை என்னவென்றால், நம் அரிசிச் சிப்பத்தின் அளவை மாற்றியது வரிதான். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பையிட்ட அரிசிக்கு 5 சதவீத வரி வந்ததும் 26 கிலோ சிப்பம் வந்துவிட்டது. முதுகுக்கு ஒரு கிலோ கூடியதுதான் மிச்சம்! சர்க்கரை 50 கிலோ மூட்டையாக வருகிறது. அதை இருவர் பிடிக்க வேண்டும், அல்லது தள்ளுவண்டியில் நகர்த்த வேண்டும்.

கடையில் நாம் செய்யக்கூடியது அடுக்குமுறைதான். சிப்பங்களைத் தரையில் போடாமல் முழங்கால் உயரப் பலகைமேல் அடுக்குங்கள். நம் கடலோர ஊரில் தரை ஈரமும் சாக்கில் ஏறாது. எண்ணெய் டின்கள் இடுப்பு உயரத்தில் இருக்கட்டும். சேமியா, அப்பளம் போன்றவை மேல்தட்டுக்குப் போகட்டும். இடுப்பில் பெல்ட் கட்டினால் போதும் என்பது வெறும் நம்பிக்கை. மேற்சொன்ன அமெரிக்க நிறுவனமே, அது காயத்தைத் தடுக்கும் என்பதற்குச் சான்றில்லை என்று 1994-இல் கூறிவிட்டது.

பிடிப்பு வந்தால் நாள்கணக்கில் படுத்திருக்க வேண்டாம். மெதுவாக நடமாடுவதே நல்லது. பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்துவிடும். தேறி வரும்வரை பையனைக் கல்லாப் பக்கம் உட்கார வையுங்கள், கூலியைப் பிடிக்காதீர்கள். ஆனால் கால் மரத்துப்போனாலோ, பலம் குறைந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தன்னறியாமல் கழிந்தாலோ தைலம் தேய்த்துக்கொண்டிராமல் அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.